மங்களா அக்கா எடுத்த பால்குடம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கிள்ளானில், தம் வீட்டில், மாரடைப்பால் மங்களா அக்கா காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. நான் டப்பாவை மூடிவிட்டு வேலைக்குப் போய் நின்றேன். தோள்பட்டை வழக்கம்போல் வலித்தது. அதைச் சொல்லிப் புலம்ப இருந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுங்கை வே தொழிற்சாலையில் அவரோடு ஒரே வரிசையில் நின்ற உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலாளரையே, "பாஸ், எட்டு மணி நேரம் நீங்க நின்னு பாருங்க லா" என்று அதட்டியவர். அந்த வாய்க்கும் ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. இதை எழுதலாமா என்று நான் தயங்கவில்லை. கேண்டீனில் அவரே எல்லோரிடமும் சொன்ன கதைதான்.

மார்பின் பாரத்தால் அக்காவுக்குக் கழுத்தும் முதுகும் பல வருடம் வலித்தன. உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளமே போட்டிருந்தது. மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் போனபோது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மாமியாரிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷி அந்த அம்மா. கல் போனால் மருமகள் பால்குடம் எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டார். மூன்றாவது வாரமே கோயில் திருவிழா. கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா தயங்கியபோது, "வயித்துலதானே ஆபரேஷன், தலையில தூக்குறதுக்கு என்னா?" என்றாராம் மாமியார்.

பாதி வழியில் தையல் பிரிந்துவிட்டது. "எனக்கு மயக்கமா வருது, எங்க அத்தை அருள் வந்திருச்சுன்னு விபூதி போடுறாங்க" என்று சொல்லி அக்கா சிரிப்பார். மஞ்சள் சேலையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. காயம் ஆற இரண்டு மாதம் ஆனது, ஒரு பக்கத் தழும்பு தடித்தே நின்றுவிட்டது. "செஞ்சதுக்கு வருத்தமில்ல, வலி போச்சு. மறைச்சதுக்குத்தான் வருத்தம்" என்பார்.

எனக்கும் அதே வலி. நானும் செய்துகொள்ளலாமா என்று போன வருடம் அவரிடம் கேட்டேன். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் தழும்பைக் காட்டினார். "இது போகாது. ஒரு பக்கம் மரத்தும் போச்சு. நீ வலிக்காகப் போறியா, கண்ணாடிக்காகப் போறியா? மொதல்ல அத யோசி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு பிள்ளை வேணுமா? அப்புறம் பால் குடுக்க முடியாமப் போலாம். டாக்டர்கிட்ட கேளு. அதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட பேசு."

அதைத்தான் நான் பேசவில்லை. மகளுக்கு ஆறு வயது. இன்னொன்று வேண்டும் என்று என் கணவர் செல்வம் இரண்டு வருடமாகக் கேட்கிறார். வேலை முடிந்து வந்து அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தெம்பில்லை. அவரிடம் முதுகுக்கு ஸ்கேன் என்று சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினேன்; படிவத்தில் துணைக்கு வருபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். அக்கா திட்டினார். "சரி, வரேன். ஆனா நான் செஞ்ச முட்டாள்தனத்த நீயும் செய்யாத."

சாவு வீட்டில் அந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பது வயதைத் தாண்டியவர். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அவள குடம் எடுக்க வச்சிருப்பேனாம்மா?" என்றார். மருமகள் படுத்திருக்கும் கூடத்தில், இத்தனை வருடம் கழித்து, அவருக்கு அந்தக் கேள்விதான் மிச்சம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில், நெரிசலில் நின்ற காரில், செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், "இவ்ளோ நாளா வலிச்சிச்சா? எங்கிட்ட சொல்ல முடியலயா?" என்றார். கோபமும் இருந்தது. பிள்ளையைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை; அறுவை சிகிச்சைத் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இப்போது வலி மட்டும்தான் பாரம், பொய்யின் பாரம் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

தேதியை மாற்றப் போன அன்று படிவத்தை வாங்கி, அக்காவின் பெயர் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே செல்வத்தின் பெயரை எழுதினேன். புதுத் தாள் தரட்டுமா என்று தாதி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கோட்டுக்கு அடியில் அக்காவின் பெயரை இன்னும் படிக்க முடிகிறது.