காலியாக விட்ட வட்டம்

கையில் ஊறிய பழக்கத்தைப் பயம் நிறுத்துமா, இன்னும் வேகமாக ஓட்டுமா? முத்துச்செல்விக்கு ஒரு வருடம் முழுக்க இதுதான் பாடாக இருந்தது.

கோவில்பட்டி அரசுப் பள்ளியில் படித்தவள். முதல் நீட் தேர்வில் முப்பத்தொரு மதிப்பெண் வித்தியாசத்தில் மருத்துவ இடம் தவறியது. இன்னும் ஒரே ஒரு தடவை, அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று அம்மா கோமதியம்மாள் சொல்லிவிட்டாள்.

அந்த வருடம் பகலில் தீப்பெட்டி ஆலையில் வேலை. மருந்தில் முக்குவதற்கு முன் குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் மேஸ்திரி சங்கரபாண்டி சட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஞாயிறுதோறும் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதினாள். திருத்திக் கொடுத்தது தோழி பிரித்திகா. கடினமான கேள்வி வந்தால் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வர வேண்டும். முத்துச்செல்வியால் தாண்ட முடியவில்லை. விடைத்தாளில் ஒரு வரி காலியாக இருக்க அடுத்த வரிக்குக் கை நகராது. ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவாள். பத்து நிமிடத்தில் சரியான விடை தோன்றும். பேனா மையை அழிக்க முடியாது. நான்கு மதிப்பெண் போவதோடு, தவறுக்கு ஒன்று கூடுதலாகப் போகும்.

"ஏட்டி, விட்டுட்டுப் போன்னு எத்தன தடவ சொல்லுதேன்?" என்றாள் பிரித்திகா.

"காலியாப் பாத்தா மேஸ்திரி அண்ணாச்சி பின்னால நிக்கிற மாதிரியே இருக்கு."

"அவிய ஹாலுக்குள்ள வரமாட்டாவ. அந்த வயித்துக்கு வாசல் காணாது."

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. மறுநாள் முதல் ஆலையில் வேண்டுமென்றே தினமும் ஒரு பள்ளத்தைக் காலியாக விட்டாள். சட்டம் திரும்பி வந்தது. கண் தெரியவில்லையா என்று மேஸ்திரி கேட்டார். மறுநாளும் விட்டாள். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம். நடுங்கிக்கொண்டேதான் செய்தாள்.

மே மாதம், தேர்வு நாள். உள்ளே போகும் முன் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆனாலும் முதல் கடினமான கேள்வியைத் தாண்டினாள். பிறகு இருபத்தாறு வரிகளைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்தாள்.

முடிவு வருவதற்கு முன் விடைத்தாளின் படம் இணையத்தில் வந்தது. பிரித்திகா தன் போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. இதய அறைகளைப் பற்றிய கேள்வி. அந்தப் பாடத்தைப் பிரித்திகாவுக்கே படம் போட்டு விளக்கியவள் முத்துச்செல்வி.

"நேரம் பத்தலயாட்டி?"

"நேரம் கெடந்துச்சு."

"வெட தெரியலயா?"

"தெரியும். பாத்துட்டுத்தான் விட்டேன்."

நான்கு மதிப்பெண். முடிவு வரும்வரை பிரித்திகாவுக்குச் சரியான தூக்கமில்லை. கட்ஆஃபுக்கு மேல் ஆறு மதிப்பெண் மிச்சத்தில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிக்குக் கிளம்பிய நாளில் பிரித்திகா மறுபடியும் கேட்டாள், ஏன் விட்டாய் என்று. "காலியா விட்டா அண்ணாச்சி பின்னால நிக்காவளான்னு பாத்தேன்; நிக்கல," என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.