பலகையைப் பார்க்காதவர்

நிலையக் கூடத்தில் நிற்கும் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூணுக்குத் தூண் நகர்கிறார். நிற்கிறார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடந்துபோகிற கால்களைப் பார்க்கிறார்.

"என்னக்கா, எதைத் தொலைச்சீங்க?" என்று காபிக் கடைக்காரர் கேட்கிறார். தினமும் கேட்பார்.

"உங்க காபியில பால் இருந்ததா சொன்னாங்க. அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது பலகையை. எங்கள் ரயிலுக்கு நேராக ஊர்ப்பெயர் இருக்கும், நேரம் இருக்கும், பிளாட்பார எண் வரவேண்டிய கட்டம் மட்டும் மொட்டையாக இருக்கும். ரயில் கிளம்பப் போகிற நேரத்தில்தான் அதில் எண் விழும். விழுந்த கணத்தில் கூடம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாயும். பிளாட்பாரங்கள் கீழே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறுகலான ஒரு படிக்கட்டு. லிஃப்ட் ஒன்று உண்டு. சக்கரப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் வாசலில் முன்கூட்டியே குடியேறிவிடுவார்கள். விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் கேட்டால், "பலகையைப் பாருங்க" என்பார். பலகையைப் பார்த்தால், அது நம்மைப் பார்க்கும். ஊர் மாறி வந்து பிழைக்கிற என்னைப் போன்றவன் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் அடிக்கடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அதனால்தான், பலகை பக்கமே திரும்பாத ஓர் அம்மாள் என் கண்ணில் பட்டார்.

குள்ளமான உருவம். சாம்பல் நிறக் கோட்டின் கழுத்துப் பட்டையில் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசிகள் குத்தியிருக்கும். சில நாள் அளவு நாடாவைக் கழற்ற மறந்து மாலையாகப் போட்டுக்கொண்டே வந்துவிடுவார். தோளில் ஒரு பெரிய பை. கடைத்தெருவில் ஒரு ஆயத்த ஆடைக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, பிரிந்த விளிம்பைத் தைப்பது. வாடிக்கையாளர் முக்காலி மேல் ஏறி நிற்பார்கள். இவர் மண்டியிட்டுக் குறி வைப்பார்.

"நாள் முழுக்க ஜனங்களோட முட்டிக்குக் கீழதான் எனக்கு உத்தியோகம். மூஞ்சி ஞாபகமே இருக்காது. காலைக் காட்டினா ஆளைச் சொல்லிடுவேன்."

சும்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. பிளாட்பார எண்ணை அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வித்தையே அதுதான். ரயில் ஓட்டுகிறவரும் சீட்டுப் பரிசோதகரும் பணியாளர் அறையிலிருந்து வெளிப்பட்டு, கூட்டத்துக்கு நடுவே நுழைந்து, அறிவிப்புக்கு முன்பே கீழே இறங்கிவிடுவார்கள். எல்லாத் தடத்துக்காரர்களும் ஒரே நிறத்தில் உடுத்துவதால் யார் எந்த ரயிலுக்குப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தடத்துக்காரர்களுடைய கால்சட்டைக்கு மட்டும் கீழே ஒரு வெளிமடிப்பு இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு தையற்காரர் வைத்த பழக்கம். அந்த மடிப்பு எந்தப் படிக்கட்டில் இறங்குகிறதோ, அதுதான் எங்கள் பிளாட்பாரம். கூடத்தில் இதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். ஏனென்றால் மற்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மடிப்பைக் கண்டதும் அவர் அவசரப்படுவதில்லை. நாலாவது தூணருகே இருக்கும் பெஞ்சுக்குப் போகிறார். அங்கே உயரமான, ஒல்லியான ஒருவர் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருப்பார். அவருடைய வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். மனைவி குனிந்து அவருடைய காலரைச் சரிசெய்வார்.

"ஏங்க, காலர் மடங்கியிருக்கு பாருங்க. ரெண்டு."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் எழுந்து இரண்டாம் படிக்கட்டை நோக்கி நடக்கத் தொடங்குவார். தடி, கால், இன்னொரு கால். கட்டத்தில் எண் விழும்போது அவர் கீழே போய்ச் சேர்ந்திருப்பார்.

போன வருஷம் அதே படிகளில், எண் விழுந்த நிமிஷத்தில், யாருடைய பெட்டியோ அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். பல மாதம் வீட்டில் இருந்தார். "ஜன்னல் ஓரமா உக்காந்து போற வர்ற காரைப் பாத்துட்டிருப்பார். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்தா, விளக்குகூடப் போடாம இருப்பார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சுவரோட சுவரா ஆகியிருப்பார்" என்றார் அந்த அம்மாள். மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது அவர் மனைவியிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம்: "போறேன். ஆனா இன்னொரு தடவை அந்தப் படியில விழுந்தேன்னா அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடாதே."

சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். அதுதான் அந்த அம்மாளுக்குப் பயம். அதனால் தினமும் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் கொண்டுபோனார். தன் பையைத் தொடக்கூட விடமாட்டார். "இதையாவது கொடேன், தூக்கிட்டு வரேன்" என்று அவர் கை நீட்டினால், "தடியைப் பிடிங்க, போதும்" என்று பதில் வரும்.

ரகசியம் ரொம்ப நாள் தங்கவில்லை. அந்த அம்மாளுக்கு எண் முன்பே தெரிகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஒரு வாத்தியக்காரர். ஆளுயரப் பெட்டி ஒன்றை முதுகில் சுமந்து வருவார். அவரைப் பின்னாலிருந்து பார்த்தால் அலமாரி நடந்து போகிற மாதிரி இருக்கும். அடுத்து, ஆஸ்பத்திரி வேலை முடித்து வெள்ளைச் செருப்போடு வரும் ஒரு நர்ஸ். அப்புறம் நான். அப்புறம் இன்னும் சிலர். அந்த அம்மாள் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கம் நாங்களும் தற்செயலாக நகர்ந்தோம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. பத்துப் பேர் ஒரு படிக்கட்டை நோக்கிப் போனால் கூடம் மோப்பம் பிடித்துவிடும். அப்புறம் அறிவிப்புக்கு முன்பே தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் பாதிப் படியில் இருப்பார். ஆகவே எங்களை ஏமாற்ற ஆரம்பித்தார். காலரைச் சரிசெய்து எண்ணைச் சொல்லிவிட்டு, நேராக வேறொரு படிக்கட்டில் இறங்கிவிடுவார். நாங்கள் பின்னாலேயே போவோம். அங்கே ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி விளிம்பருகே நிற்பார், பெருமூச்சுகூட விடுவார். ஒலிபெருக்கி இரும ஆரம்பித்ததும் அணில் மாதிரி படியேறி மறைந்துவிடுவார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இரண்டு மூன்று தடவை இப்படி ஆன பிறகு நர்ஸ் சொன்னாள்: "இந்தம்மா வேணும்னே பண்றாங்க."

"அவங்களை விட்ரும்மா" என்றார் வாத்தியக்காரர். "அவங்க வீட்டுக்காரரைப் பாரு. பொய் சொல்றதுக்கு அவர்கிட்ட கால் இல்ல."

உண்மைதான். ஒரு படிகூட வீணாக இறங்க முடியாத மனிதர் அவர். அன்றிலிருந்து நாங்கள் அவர் பின்னால் போனோம். அது லேசான காரியமில்லை. அவர் வேகத்துக்கு நடக்கவேண்டும், ஆனால் அவர் பின்னால் நடப்பதாகத் தெரியக்கூடாது. ஒருவர் கைபேசியைப் பார்ப்பார். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்வார். அவர் பாதி வழியில் நின்று கைக்குட்டையை எடுத்தால் நாங்கள் எல்லாரும் நின்று விளம்பரங்களைப் படிப்போம். அவருக்கு இது நன்றாகவே தெரியும். சில நாள் அவசியமே இல்லாமல் நிற்பார் என்று எனக்குச் சந்தேகம்.

"என்னங்க இது, ஊர்வலமா கூட்டிட்டு வர்றீங்க" என்று மனைவி பல்லைக் கடிப்பது ஒருநாள் காதில் விழுந்தது.

"நானா கூப்பிட்டேன்? என் அழகைப் பார்த்து வர்றாங்க."

பிறகு ஒரு திங்கட்கிழமை, ரயில்வேக்காரர்களுக்குப் புதுச் சீருடை வந்தது. எல்லாத் தடத்துக்கும் ஒரே துணி, ஒரே வெட்டு. வெளிமடிப்பு போய்விட்டது. போதாக்குறைக்குக் கால்சட்டைகள் எல்லாருக்கும் நீளம். குதிகாலில் மிதிபட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டு போயின. அந்த அம்மாள் தூண்களுக்கு நடுவே தவித்ததை நான் பார்த்தேன். குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக இருக்கவேண்டும், பலகையைப் பார்த்தார். கட்டம் மொட்டையாக இருந்தது.

பெஞ்சுக்குப் போனார். காலரைத் தொட்டார்.

"நாலுன்னு நினைக்கிறேன்."

வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தடியை ஊன்றி எழுந்தார். அன்று ஏமாற்று நடை இல்லை. அந்த அம்மாளும் அவர் பின்னாலேயே நடந்தார்; அவருக்குப் பின்னால் நாங்கள்.

நாலில் கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு ரயில் வந்து நின்றது. எங்கள் ரயில் அல்ல. கதவுகள் திறந்து ஜனம் கொட்டியது. அதே நேரத்தில் ஒலிபெருக்கி எங்கள் ரயிலுக்கு ஏழு என்றது. எங்களில் சிலர் ஓடினார்கள். அது தப்பில்லை. அந்த அம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்தார்.

"வாங்க, வாங்க, அவங்க ஏர்றதுக்குள்ள ஏறிடலாம்."

"இழுக்காதே. இழுத்தாத்தான் விழுவேன்."

அவர் கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தபோது வந்த ரயிலின் கூட்டம் முழுவதும் எங்கள் முதுகுக்கு வந்துவிட்டது. வாத்தியக்காரர் திரும்பினார். முதுகிலிருந்த பெட்டியைக் கழற்றி, படிக்கட்டின் அகலத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஒரு ஓரத்தை அடைத்தாள். மறு ஓரத்தில் நானும் இன்னொருவரும். அவ்வளவு பேர்தான்.

"வழியை அடைச்சுட்டு என்னய்யா பண்றீங்க?" என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார்.

"படி ஏர்றோம்" என்றார் வாத்தியக்காரர்.

தடி, கால், இன்னொரு கால். பின்னாலிருந்து யாரோ என் விலாவில் குத்தினார்கள். பாதியில் அவர் நின்றார். பழக்கதோஷத்தில் நாங்களும் நின்றோம். பெட்டி நெருக்குப்பட்டுக் கிறீச்சிட்டது. நர்ஸ் கீழே திரும்பி, நோயாளிகளை அதட்டும் குரலில், "கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

நாங்கள் ஏழுக்குப் போனபோது ரயிலின் பின்விளக்கு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த ரயிலுக்காக ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தோம். இத்தனை நாள் கூடவே நடந்திருந்தும் பேசிக்கொண்டது அன்றுதான்.

"நீங்கல்லாம் ஓடியிருக்கலாமே" என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்தபடி. "உங்களை நான் எத்தனை நாள் சுத்தவிட்டேன்."

"இவர் வேகத்துல நடந்தே பழகிப்போச்சுங்க" என்றார் வாத்தியக்காரர். "இப்ப எல்லாம் வீட்டுக்குள்ளயே மெதுவாத்தான் நடக்கறேன். என் சம்சாரம் உடம்பு சரியில்லையான்னு கேக்குறா."

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இரண்டு கையாலும் தடியைப் பிடித்திருந்தார். தடியின் ரப்பர் நுனி தரையில் தடதடத்தது. கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல், தன் கோட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, பக்கத்தில் இருந்த நர்ஸின் கோட்டில் பிரிந்து தொங்கிய விளிம்பைப் பிடித்து, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் குத்தினார்.

"விழலை" என்றார் வீட்டுக்காரர் கடைசியில். தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு மனைவியிடம், "நான்தான் விழலையே. எதுக்கு அப்படிப் பாக்குறே? நாளைக்கு ரெண்டு கண்ணாடி தரேன்னு சொல்லியிருக்கேன், போகவேணாமா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நாங்களும் மற்றவர்களைப் போல அண்ணாந்து நின்றோம். எண் விழுந்ததும் அவரை நடுவில் விட்டுச் சுற்றி நடந்தோம். சில நாள் ரயில் கிடைத்தது, சில நாள் போனது.

இதற்கிடையில், நீளக் கால்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரயில்வேக்காரர்கள் கடைத்தெருவுக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த அம்மாளுடைய முக்காலியில் ஏறி நின்றிருக்கிறார்கள்.

"எந்த லைன் சார் உங்களுக்கு, ரொம்ப அலைச்சலோன்னு சும்மா கேப்பேன். நம்ம லைன்னு சொன்னா, குதிகால் பக்கம் வெளிர்நீல நூல்ல குறுக்கே ஒரு சின்னத் தையல் போட்டுடுவேன். அந்த இடம் சீக்கிரம் பிரியும், அதுக்குத்தான்னு சொல்லிட்டேன். பொய்யும் இல்ல, அந்த இடம் பிரியத்தான் செய்யும்."

நேற்று மாலை அவர் மறுபடி தூண்களுக்கு நடுவே குனிந்து நின்றார். காபிக் கடைக்காரர், "பால் கிடைச்சுதாக்கா?" என்றார். அவர் கண் தரையை விட்டு நகரவில்லை. சாம்பல் நிறச் சீருடைக் கால்கள் இரண்டு அவரைக் கடந்து தூரத்துப் படிக்கட்டுக்குப் போயின. என் கண்ணுக்கு அவற்றில் எந்த நூலும் தெரியவில்லை. அவர் பெஞ்சுக்குப் போய்க் காலரைச் சரிசெய்தார். வீட்டுக்காரர் எழுந்தார். நாங்கள் இருந்த இடத்திலேயே நின்றோம். இப்போது அவரைக் கேட்காமல் பின்னால் போக ஒரு கூச்சம் வந்துவிட்டது.

இரண்டடி வைத்த அந்த அம்மாள் நின்றார். தோளிலிருந்து அந்தப் பெரிய பையைக் கழற்றிக் கணவரின் தோளில் மாட்டினார். அவர் ஒரு கணம் திகைத்து, பையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னால், அவர் வேகத்துக்கே, அந்த அம்மாள் நடந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. காலியாக இருந்த கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒன்றில் ஐந்து விரலையும் மற்றொன்றில் இரண்டு விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டே போனார்.