குறுக்குக் கம்பி

மாதிரி வீட்டைப் பார்க்க முதல் தடவை போனபோது மகனை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. "அவன் இருந்தா உன்னைய ஒண்ணும் பாக்க விடமாட்டான். நீ நிம்மதியாப் பாத்துட்டு வாத்தா" என்று மாமியார் சொன்னார். சரியென்று திருச்சுழியில் தனியாகப் பஸ் ஏறினேன்.

கணவர் சவுதியில் இருக்கிறார். வீடு கட்டும் பொறுப்பு என் தலையில். அருப்புக்கோட்டைக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி, எங்கள் கட்டட கான்ட்ராக்டர் ஒரு வீட்டைக் கட்டி, சோபா, கட்டில் எல்லாம் போட்டு வைத்திருந்தார். பிடித்தால் அதே மாதிரி நம் மனையில் கட்டித் தருவார்.

படித்தவள் இல்லையா, கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். கட்டிலை டேப் வைத்து அளந்தேன். எங்கள் கட்டிலைவிடக் குட்டை. அறை பெரிதாகத் தெரிய அப்படிப் போடுவார்களாம். கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. மாடிப்படியில் பளபளத்த எவர்சில்வர் கம்பிகளை மட்டும் அளக்கவில்லை, போட்டோதான் எடுத்தேன். வீடியோ காலில் கணவரிடம், "எல்லாம் சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தரைக்கு டைல்ஸ் நிறம் சொல்ல மறுபடியும் போக வேண்டியிருந்தது. மாமியார் மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போயிருந்ததால் மகனும் கூட வந்தான். மூன்று வயது. மாடியில் இரண்டு டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எது அழுக்குக் காட்டாது என்று யோசித்தேன். அவ்வளவு நேரம்தான்.

"அக்கா, பையன்!" என்றார் வீட்டைக் காட்ட வந்தவர், மெதுவாக.

மாடி விளிம்பில், கைப்பிடிக்குக் கீழே அதே எவர்சில்வர் கம்பிகள் குறுக்காக ஓடின, ஒன்றின் மேல் ஒன்றாக. மகன் மூன்றாவது கம்பியில் நின்றான். வயிறு கைப்பிடியின் மேல் அழுந்தியிருந்தது. கீழே ஹாலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் கை விட்டுப்போகும். வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். அவன் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அம்மா, ஏணி" என்று சிரித்தான்.

"எல்லாரும் இந்த மாடல்தான்க்கா கேக்குறாக" என்றார் அவர். உண்மைதான். நானும்தான் கேட்டிருந்தேன்.

பஸ்ஸில் அவன் என் மடியில் தூங்கினான். எனக்குப் பயம் இறங்கவே இல்லை. சரியென்று சொன்னது நான். இப்போது மாற்றிச் சொன்னால் இவளை நம்பி எப்படி விடுவது என்று கணவர் நினைப்பாரோ? இரண்டு வருடத்தில் பையன் வளர்ந்துவிடுவான், நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? ஆனால் அந்தக் கைப்பிடியில் அவன் வயிறு அழுந்தியிருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் அவர் கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"கம்பிய நெட்டுக்குத்தா வைக்கச் சொல்லுங்க. குறுக்க வேணாம்."

"அன்னைக்கு நீதான எல்லாம் சரின்னு சொன்ன?"

"சொன்னேன். அன்னைக்கு இவன் எங்கூட வரலைங்க."

நடந்ததை முழுதாகச் சொல்லி முடித்தேன். "கான்ட்ராக்டர்ட்ட நான் சொல்லிர்றேன்" என்றார் அவர். "நீ இன்னொரு தடவ போயிட்டு வா. அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நான் எதுக்குத்தா? எனக்கு என்ன தெரியும்?"

அந்த வீட்டுக் குளியலறையில் கால் வைக்க ஒரு படி ஏற வேண்டும். மூட்டுவலியோடு மாமியார் அதில் ஏறுவாரா என்று அப்போதுதான் யோசித்தேன்.