குளுக்கோஸ் தண்ணீரில் போட்ட உப்பு

இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன், நண்பர்களே.

இன்று கேன்வாஸ் ஷூவோடு அடிவாரத்திலிருந்து மலையேறி ஓடினேன். பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கையில் குளுக்கோஸ் தண்ணீர் இருந்தது. உப்புப் போட மறந்திருந்தேன்.

அங்கே ஆள்கணக்கு எழுதிக்கொண்டு நின்ற காபி எஸ்டேட் ரைட்டரிடம் உப்புக் கேட்டேன்.

"சோத்துப் பையில இருக்குதுங்க, எடுத்துக்குங்க."

பையில் ஒரு பொட்டலம். உப்பு பழுப்பாக இருந்தது. பழைய உப்பு என்று நினைத்துக் கலக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

ரைட்டர் அலறினார். "ஏனுங்க, அந்தப் பொட்டலமா? கால்ல அட்டை ஏறுனா வெக்கறதுங்க அது! பாதிக்குப் பாதி பொகையிலைத் தூளுங்க!"

காபிச் செடிகளுக்குள் பாய்ந்தேன். காலையில் தின்ற இட்லி வரை வெளியே வந்தது.

கால்பிடிப்பு எப்போது விட்டதென்றே தெரியவில்லை. அட்டை ஏன் அப்படிச் சுருண்டு விழுகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

நீங்களெல்லாம் ஓடும்போது என்ன குடிக்கிறீர்கள்?