காஞ்சோண்டிக்குள் ஒரு மாப்பிள்ளை

ஜுனைட் மச்சான் என் அக்கா ஸுஹைறா ராத்தாவைக் கட்டிக்கொண்டு பொத்துவிலிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தபோது ஒரு பயணப்பையும் ஒரு திருகாணிப் பெட்டியும் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். கோபம் வந்தால் ராத்தா அந்தப் பயணப்பையை எடுத்து வாசலில் வைப்பாள். அதுதான் எங்கள் வீட்டு அரசியல் யாப்பு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் அரசியல் விஞ்ஞானத்தில். இதைவிடச் சுருக்கமான யாப்பை நான் படித்ததில்லை.

மச்சான் கடைத்தெருவில் போன் திருத்துகிறார். ஆகவே ஊரிலேயே மோசமான போன் அவருடையது. முன் கமரா செத்துவிட்டது. பின் கமராவின் மேல், உடைந்த டிவிடி பிளேயரிலிருந்து கழற்றிய சின்ன வில்லை ஒன்றைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். இனி அது கழலாது. அதனூடாகப் பார்த்தால் எறும்பு எருமையாகத் தெரியும்.

வீட்டு வேலியோரம் காஞ்சோண்டிச் செடி அடர்ந்து கிடக்கிறது. தொட்டால் கை தடித்து, பொழுதுபடும்வரை சொறிய வேண்டும். மனிதர் அண்டாததால் பூச்சிகளுக்கு அது நல்ல குடியிருப்பு. அழுக்கணவன் பூச்சிகள் கூட்டமாக இருந்து சாறு குடிக்கும். பொறிவண்டின் புழு வந்து அவற்றைத் தின்னும். புள்ளி வைத்த சிவப்புத் தாய்க்கும் அந்தப் புழுவுக்கும் முகஜாடை ஒன்றும் கிடையாது. முள்முதுகோடு கறுத்த குட்டி முதலை அது. மச்சான் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டி, ஊர்ந்து உள்ளே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுப்பார்.

"இது எதுக்கு மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ எதுக்கு கெம்பஸ் போன?"

இரண்டு கேள்விக்கும் இன்னும் விடை இல்லை.

போன வெள்ளிக்கிழமை, கூட்டுப்புழுவாகி இலையில் ஒட்டியிருந்த ஒன்றிலிருந்து வண்டு வெளிவருவதைப் பிடிக்க மச்சான் உள்ளே காத்துக் கிடந்தார். வேலிக்கு அப்பால் நஸீறா மாமியின் கிணறு. குளிக்க வந்து வாளியை இறக்கிய மாமி, இலைகளுக்கிடையே ஒரு கையையும் போனையும் கண்டுவிட்டார்.

"அல்லாஹ்வே! படம் புடிக்கான், படுபாவி!"

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் விசாரணை. ராத்தா பயணப்பையை வாசலில் வைத்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினாள். "அந்த போனுக்குள்ள ஒரு பொம்புள இருந்தாலும் பொத்துவில் பஸ்ஸுல ஏறுங்க. இது என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு."

நிர்வாகத் தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களைத் தள்ளத் தொடங்கினார். புழு. புழு. காஞ்சோண்டிச் சுணை. அழுக்கணவனைத் தின்னும் புழு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வண்டுகள்.

"அஸ்தஃபிருல்லாஹ்! இது என்னடா?"

"குடும்பம் நடத்துதுகள், ஹாஜியார்."

"நிக்காஹ் முடிஞ்சதாமா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். இதெல்லாம் என்ன சாமான்?"

"நான் படிச்சது அரசியல், ஹாஜியார்."

"அங்கயும் இதுகள்தானே. சொல்லு."

எனக்கு அப்போது அவற்றின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் வில்லை நினைவுக்கு வந்தது. கமராவைத் திறந்து ஹாஜியாருக்கு நேரே பிடித்தேன். திரையில் வெறும் வெள்ளை மூட்டம்.

"இதுதான் நீங்க."

தாடியருகே கொண்டுபோனேன். ஒற்றை மயிர் தேர்வடம்போல் எழுந்து நின்றது.

"ரெண்டு விரல் தூரத்துக்கு அங்கால இதுக்குக் கண் தெரியா, ஹாஜியார். கிணத்தடியில நின்ட மாமி படத்துல எப்படி விழுவா?"

ஹாஜியார் தாடியை இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அப்ப நஸீறா தப்பிட்டா. வழக்கு வைக்கிறதெண்டா இந்தப் புழுக்கள்தான் வைக்கணும். டேய் ஜுனைட், இனி காஞ்சோண்டிக்குள்ள பூர முதல் சத்தமா ஸலாம் சொல்லிப்போட்டுப் பூரு."

வீட்டுக்கு ஓடிவந்து நான்தான் அறிவித்தேன். "ஒரு பொம்புளயும் இல்ல ராத்தா! முழுக்கப் புழு!"

மச்சான் பையை உள்ளே எடுக்கக் குனிந்தார். ராத்தா அதன்மேல் காலை வைத்தாள்.

"ஒருத்தியும் இல்லயா?"

"ஒருத்தியும் இல்ல!" மச்சானுக்குப் பெருமை.

"நானும் இல்ல?"

பள்ளிவாசலில் எடுபட்ட அந்த வில்லை விளக்கம் இங்கே எடுபடவில்லை. "தூரத்துல தெரியாட்டி கிட்ட வந்து எடுங்களன்," என்றாள் ராத்தா. காஞ்சோண்டிக்குள் போவதுபோலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு மச்சான் கிட்டப் போனார். நான் வேலிப்பக்கம் போய்விட்டேன். வண்டு அதற்குள் பறந்துவிட்டிருந்தது. வெறுங்கூடு மட்டும் இலையில் இருந்தது.

இப்போது ராத்தாவின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் ஒரு புருவம் இருக்கிறது. நேற்று நஸீறா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன் போனை நீட்டிக் கேட்டார்:

"ஸுஹைறா, இது எந்தப் புழு, புள்ள?"