எண்ணெய் ஞாயிறு

தங்கா பத்து ஊரில் என் மகன் வீட்டில் இப்போது ஆளுக்கொரு மாத்திரை டப்பா இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் குளிக்கிறார். மற்றொருவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே நின்றபடி விழுங்குகிறார். அப்புறம் "நெஞ்சு எரியுதும்மா" என்று என்னிடம் வந்து நிற்பது. எரியாமல் பின்னே குளிருமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வயிற்றைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் வயிறு லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், என் அம்மாவின் கண்டிப்பில் வளர்ந்தது. விடிவதற்குள் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் ஆளுக்கொரு மங்கு நீராகாரமும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் உள்ளே போயாக வேண்டும். வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் பால்மர வெட்டுக்குப் போனால் அம்மாவுக்கு ஆகாது. "காலி வயித்துல காப்பிய ஊத்துனா குடல் கருகிப் போவும்" என்பாள். அவசரமாக விழுங்கினால், "பல்லு எதுக்குடி இருக்கு? இளிக்கவா?" என்று கேட்பாள். ராச்சாப்பாடு பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். சாப்பிட்டதும் படுக்க முடியாது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்தால்தான் பாய் விரிப்பாள். நடு வாயில் தண்ணீர் குடிக்கக்கூடாது. இன்றைக்கும் சோற்றுக்கு நடுவே செம்பை எடுத்தால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. திட்டுவதற்கு ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கிறது.

எங்களுக்கெல்லாம் இத்தனை சட்டம் போட்டவள் தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்குப் போட்டு, எனக்குப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு அடுப்பங்கரையில் சட்டியை வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். பாதி நாள் நின்றுகொண்டேதான். அந்தக் காலத்தில் லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். கேட்டால், "நான் உக்காந்துட்டா யாரு எடுத்துப் போடுறது?" என்பாள்.

மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவள் உட்காருவாள். அதுதான் எண்ணெய் ஞாயிறு.

வயிற்றைக் கழுவ விளக்கெண்ணெய் குடிக்கும் நாள். தோட்டத்தில் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குடித்துவிட முடியாது. எல்லா லயத்துக்குமாகச் சேர்த்து இருந்த கக்கூஸ்கள் கொஞ்சம். ஒருமுறை மேல் லயமும் கீழ் லயமும் ஒன்றாகக் குடித்துவிட்டு அங்கே வாசலில் அடிதடி ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு லயத்துக்கு ஒரு ஞாயிறு என்று பேசி முறை வைத்துக்கொண்டார்கள். சாமி கும்பிடும் முறையைக்கூட மறந்துபோவார்கள், இந்த முறையை யாரும் மறந்ததில்லை.

எங்கள் முறை வந்தால் நான் காலையிலேயே ஓட்டம் எடுப்பேன். அம்மா ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணமும் இன்னொரு கையில் சேலைக் கொசுவமுமாகப் பால்மரங்களுக்கு நடுவே துரத்துவாள். லயமே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். பிடித்து மூக்கை அமுக்கி ஊற்றி, மேலே இஞ்சி தட்டிப்போட்ட கடுங்காப்பியைக் கொடுப்பாள். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. மத்தியானம் வெந்நீரில் குளித்து வந்தால் மிளகு ரசமும் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும் இருக்கும். வேறு கறி கிடையாது, இரண்டாம் தரம் எடுத்து வைக்க ஒன்றுமில்லை. அதனால் அம்மாவும் எங்களோடு தரையில் உட்கார்ந்து, முட்டி என் முட்டியில் இடிக்க, நிதானமாகச் சாப்பிடுவாள். அந்த ரசச்சோற்றுக்கு ஈடாக இந்த வாய் இதுவரை ஒன்றையும் பார்க்கவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டத்துத் துரை ஆட்களைக் குறைத்தார். கைப்பிள்ளைக்காரிகளின் பெயரைத்தான் முதலில் அடித்தார்கள். தம்பி அப்போது பால்குடி. அம்மாவையும் அவனையும் ஊருக்குக் கப்பலில் அனுப்பிவிடுவதென்று முடிவானது. அப்பாவுக்கு வெட்டு வேலை இருந்தது. எனக்குப் புல் பிடுங்கும் வேலை இருந்தது. இரண்டு பேர் இருந்து கூலி வாங்கினால்தான் ஊருக்கு ஏதாவது அனுப்ப முடியும் என்றார்கள். தம்பின் என்ற ஊர் ரயிலடிக்கு லாரி வரும் நாளும் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்காக அப்பா பக்கத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு கோழி வாங்கி வந்து படிக்காலில் கட்டியிருந்தார். அம்மா கருக்கலிலேயே எழுந்து மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டாள். போவதற்கு முன்னால் வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. நான் போய் அம்மிக்கு முன்னால் நின்றேன்.

"எனக்குக் கோழி வேணாம். எண்ணெய் குடு."

அம்மா குழவியை நிறுத்தினாள். "என்னடி? வயித்த வலிக்குதா?"

"வலிக்கல. எண்ணெய் குடு."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? கிண்ணத்தக் கண்டா காடு மேடெல்லாம் ஓடுற கழுத நீ. இன்னிக்கு நம்ம முறையும் இல்ல, மேல் லயத்து முறை."

அப்பா சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! காலைத் தரையில் உதைத்துக்கொண்டு கத்தினேன்.

"கோழி ஆக்குனா நீ நின்னுக்கிட்டேதான் இருப்ப. அப்பாவுக்குப் போடுவ, எனக்குப் போடுவ, நாளைக்கி லாரில ஏறிப் போயிருவ. ரசம் வச்சாத்தான் நீ எங்கூட உக்காருவ!"

அம்மா மசாலாக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூக்கை உறிஞ்சினாள், மிளகாய்க் காரம் என்றாள். அப்பா எழுந்து கோழியை அவிழ்த்து இடுக்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனார். அங்கே முதல் வீட்டு அத்தையின் குரல் எங்கள் வாசல்வரை கேட்டது. "ஐயோ, முறைய எடுத்துக்கங்க அண்ணே! நாங்க அடுத்த வாரம் கழுவிக்கிறோம். கோழியெல்லாம் எதுக்கு லா?" எதுக்கு என்று கேட்டாளே தவிர, கோழி திரும்பி வரவில்லை.

அன்று நான் ஓடவில்லை. கிண்ணத்தை நானே வாங்கிக் குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது, விழுங்கிவிட்டேன். தம்பிக்குப் பால் கொடுப்பதால் அம்மா குடிக்கவில்லை. ஆனால் மத்தியானம் அவனை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் எனக்கு என்று ஊட்டினாள். நான் ஊட்டிவிடும் வயசைத் தாண்டியவள்தான். இருந்தும் வாயைத் திறந்தேன். வேண்டுமென்றே மெதுவாக மென்றேன். எவ்வளவு மென்றாலும் ரசச்சோறு சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

விலை ஏறியதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லித்தான் லாரியில் ஏற்றினார். விலையும் ஏறியது. அதற்குள் அம்மா ஊரில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் என் நெஞ்சில் நிற்பது அந்தச் சேதி வந்த நாள் இல்லை. அவள் கப்பலேறிய பிறகு எங்கள் லயத்துக்கு முறை வந்த முதல் ஞாயிறு. அப்பா பழக்கம் இல்லாத கையால் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, கதவை மறித்தாற்போல் நின்றார். நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னா புள்ள, இன்னிக்கும் ஓடலியா?"

"தொரத்த ஆளு இல்லியே" என்றேன்.

அவர் கதவை விட்டு விலகி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் அவரே ரசம் வைத்தார். உப்புப் போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை, அவரும் எழுந்து போய் எடுக்கவில்லை. நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.