திருஷ்டி பொம்மையின் சட்டை

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரே வேலைதான்: வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலப் பாதையில் எள் போட்டால் எள் விழாது. அடி அண்ணாமலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் போய்ப் பார்க்க முடியாத அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்தான், செங்கம் ரோட்டு வாடகை வீட்டின் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு அந்தப் பேய்ப்படத்தைப் போட்டோம்.

பழைய ஆங்கில நாவல் ஒன்றை வைத்துப் புதிதாக எடுத்த படம். நாவல் எனக்குக் கல்லூரியில் துணைப்பாடம். செத்தவர்களின் கைகால்களைச் சேர்த்துத் தைத்து ஒரு டாக்டர் உயிர் கொடுக்கிறான். அது கண்ணைத் திறந்ததும், பயந்துபோய் அதைக் கைவிட்டுவிடுகிறான். எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். என் வீட்டுக்காரர் நேர் எதிர். தைக்கிற காட்சி வந்ததும் அவருக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பாலே வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உண்டாக்கியவன் ஒரு பெயர்கூட வைக்காமல் ஓடுகிறானே என்று திட்டிக்கொண்டே பார்த்தேன். அந்தப் பூதத்தின் முகத்தைவிட அதன் தையல்கள்தான் கண்ணில் நின்றன. இந்தக் கை யாருடையதோ, அந்த ஆளுக்கு வீட்டில் யார் யார் இருந்தார்களோ என்று படம் முடிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்காரருடன் அடி அண்ணாமலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். மொட்டை மாடியில் எட்டு மாதமாக நின்றிருந்த திருஷ்டி பொம்மையை மேஸ்திரி கீழே இறக்கித் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார். வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை, முறுக்கு மீசை, தொங்குகிற நாக்கு. வாரம் தவறாமல் பார்த்ததுதான். ஆனால் எல்லோரையும் போல நானும் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். படம் பார்த்த கண் அன்றைக்குத் தையலைத் தேடியது. பேன்ட் வீட்டுக்காரருடையது. கையுறை அவர் பைக் ஓட்டும்போது போட்டுக் கிழித்தது. சாயம் போன சட்டையின் பாக்கெட்டுக்கு அடியில் நீலமாக ஒரு மைக்கறை.

அது அப்பாவின் சட்டை.

அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பேனா இல்லாமல் சட்டை போட மாட்டார், பேனாவுக்கு மூடியும் போட மாட்டார். மகள் வீட்டில் தங்குவது அவருக்கு ஆகாது. மதியம் வந்தால் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். பூமி பூஜைக்கு வந்தபோது மட்டும், “நீ கட்டி முடிம்மா. வந்து ரெண்டு நாள் தங்குறேன்” என்றார். தூண் எழும்புவதற்குள் போய்விட்டார்.

அவருடைய துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு சட்டையை மட்டும் நான் ஜவுளிக்கடைப் பையில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். வாசனை போய்விடும் என்று பையைப் பிரித்ததே இல்லை, அந்தத் தட்டுப் பக்கம் கையே கொண்டுபோனதில்லை. மேஸ்திரி பொம்மைக்குப் பழைய துணி கேட்டபோது, யாரும் தொடாத பைதானே, வேண்டாத துணியாக இருக்கும் என்று வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்ட கேள்விகளில் அவர் முகம் வெளுத்துவிட்டது. பூதத்தைப் பார்த்துக்கூட அவ்வளவு வெளுக்கவில்லை.

சட்டையைக் கழற்றித் தரச் சொன்னேன். மேஸ்திரி கையைப் பிசைந்தார்.

“ஊர் கண்ணு மொத்தமும் அது மேலதாங்க்கா பட்டிருக்கு. அத்தப் போய் வூட்டுக்குள்ள எடுத்துனு போவாங்களா?”

வகுப்பில் பகுத்தறிவு பேசுகிற வாய்தான் என்னுடையது. புது வீடு என்றதும் அந்த வாய் அடைத்துக்கொண்டது. பக்கத்துக் காலி மனையில் வைத்துக் கொளுத்திவிட வேண்டுமாம், வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டுமாம். அதுதான் முறை என்றார். எனக்கு அந்த டாக்டர் ஓடினது ஞாபகம் வந்தது. நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா போன அன்று பெண்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். கொள்ளி வைத்தது தம்பி. சுடுகாடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

மேஸ்திரி காலி மனைக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த பொம்மையின் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம் தீப்பெட்டியைக் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“குடுங்க மேஸ்திரி, அவங்களே வெக்கட்டும்” என்றார் இவர்.

வைக்கோல் சட்டென்று பற்றிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. ரெண்டு நாள் தங்குகிறேன் என்றவர் எட்டு மாதம் தங்கியிருக்கிறார். வெயிலிலும் மழையிலும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்கு வந்த கண்ணையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு. நான்தான் ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை.